யாரும் பார்க்காத கணக்கு

(காரைக்காலில் கணினி மாணவர்களும் சிறுதொழில் செய்வோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரைக்காலில் சொற்பொழிவு என்றால் மாங்கனித் திருவிழாச் சமயத்தில் காரைக்கால் அம்மையார் கதை கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். மொபைல் செயலியிலிருந்து ஒரு லைப்ரரியைத் தூக்கி வெளியே போடுவது எப்படி என்று ஒருவன் பேசப்போகிறான் என்றதும், முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பது தெரிகிறது. உங்களுக்கும் இதில் சங்கதி உண்டு, ஐயா. பேரப்பிள்ளையின் பள்ளிச் செயலி, தொழுகை நேரம் சொல்லும் செயலி, கடலுக்குப் போகுமுன் காற்றும் அலையும் பார்க்கும் செயலி, பிரான்சில் இருக்கும் மகனும் சேர்ந்து பயன்படுத்தும் ஊர்ச் செயலி, எல்லாமே இந்தப் பேச்சுக்குள் வருகின்றன.

செயலி எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. படம் காட்ட ஒரு லைப்ரரி, பணம் வாங்க ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என்று மற்றவர்கள் எழுதிவைத்ததை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். பில்ட் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், அது தானாக இறங்கிவிடும். தொழிலில் இதை டிபென்டன்சி என்கிறோம். அந்த ஒரு வரி தன் பங்குக்கு இன்னும் சிலவற்றை இழுத்துவரும். அவை வேறு சிலவற்றை. மாடியை ஒரே ஆளுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால், அவருடைய மச்சான், மச்சானின் கூட்டாளி என்று வீடு நிறைந்திருக்கிற கதைதான்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வகை, அனலிட்டிக்ஸ். செயலியை யார் எப்போது திறந்தார்கள், எந்தத் திரையில் எவ்வளவு நேரம் இருந்தார்கள், என்ன ஃபோன், எந்த ஊர் என்று கணக்கெடுத்து, தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். கூகுளின் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸ், ஃபேஸ்புக்கின் எஸ்.டி.கே. (இதுவும் லைப்ரரித் தொகுப்புதான்), மிக்ஸ்பேனல், கிளெவர்டாப் என்று பல உண்டு. கணக்கெடுப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்து லட்சம் பேர் வந்துபோகும் செயலிக்கு, எந்த இடத்தில் ஆட்கள் திணறுகிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் நம்மூர்ச் செயலிகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. கணக்கு போய்க்கொண்டே இருக்கிறது; செயலியின் சொந்தக்காரர் அந்த டாஷ்போர்டை ஒருநாளும் திறந்ததில்லை. எழுதிக்கொடுத்த தம்பியோ அடுத்த வேலைக்குப் போய்விட்டார். அந்த வகைக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

திரையைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் இப்போதுதான் உருவாக்கிய வெற்றுச் செயலி. ஒரே திரை, அதில் ‘வணக்கம்’ என்று ஒரு சொல். செயலி கேட்கும் அனுமதிகளை எழுதும் மேனிஃபெஸ்ட் கோப்பில் நான் ஓர் அனுமதியும் எழுதவில்லை. இப்போது பில்ட் கோப்பில் ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸுக்கு உரிய வரியை மட்டும் சேர்க்கிறேன். மேனிஃபெஸ்டைத் திறந்தால் கீழே ‘மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்’ என்று ஒரு தாவல் இருக்கிறது. நான் எழுதியதும் லைப்ரரிகள் கொண்டுவந்ததும் ஒன்றாய்க் கலந்த கோப்பு அது. ஃபோனுக்குப் போவது அதுதான். அழுத்துகிறேன். இணையத்தைப் பயன்படுத்தும் அனுமதி வந்திருக்கிறது. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அனுமதி. ஃபோனை உறங்கவிடாமல் பிடித்துவைக்கும் அனுமதி. விளம்பர அடையாள எண்ணை, அதாவது விளம்பரக்காரர்கள் ஃபோனை இனங்காணும் எண்ணை, படிக்கும் அனுமதி. எந்த வழியாக இந்தச் செயலி நிறுவப்பட்டது என்று பிளே ஸ்டோரிடம் கேட்கும் அனுமதி. ஒவ்வொரு வரியும் எந்த லைப்ரரியிலிருந்து வந்தது என்று பக்கத்தில் நிறம் பிரித்தும் காட்டுகிறது. ‘வணக்கம்’ சொல்ல இவற்றில் எது தேவை?

இன்னொன்றையும் கவனியுங்கள். எதையும் பதிவு செய்யச் சொல்லி நான் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. இருந்தாலும் செயலியை முதன்முதலாகத் திறந்தது, ஒவ்வொரு முறை பயன்படுத்தத் தொடங்கியது, திரை மாறியது, ஃபோனின் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டது என்று வரிசையாகத் தானே பதிவாகும். ஆண்ட்ராய்டில், வேண்டாம் என்று நீங்கள் செயலியை நீக்கினீர்களே, அதுவும் ஒரு நிகழ்வாகப் பதிவாகும். இவை ரகசியமல்ல, கூகுளின் ஆவணத்திலேயே பட்டியல் இருக்கிறது. படிப்பார்தான் இல்லை.

இது எப்படி உள்ளே வருகிறது? பெரும்பாலும் யாரும் தீர்மானம் போட்டுச் சேர்ப்பதில்லை. அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று ஃபயர்பேஸை நாடுகிறோம். ‘மெசேஜிங்’ பகுதிக்கான வழிகாட்டியே, கூட அனலிட்டிக்ஸையும் இயக்கிக்கொண்டால் நல்லது என்கிறது. யூடியூபில் பாடம் எடுக்கிறவர் இரண்டு வரியையும் சேர்த்தே தட்டச்சு செய்கிறார், நாமும் அப்படியே. அதற்கும் முன்பு ஒரு காலம் இருந்தது. ஃபயர்பேஸ் வேண்டுமென்றால் முதலில் ‘ஃபயர்பேஸ் கோர்’ என்ற லைப்ரரியைச் சேருங்கள் என்று 2019 வரை சொல்லிக்கொடுத்தார்கள். ‘கோர்’ என்ற பெயரைப் பார்த்தால் அஸ்திவாரம் போலத் தோன்றுகிறது அல்லவா? ஆண்ட்ராய்டில் அந்தப் பெயருக்குள் இருந்தது அனலிட்டிக்ஸ்தான். ஐஃபோன் பக்கமும் இதே கதை: ‘ஃபயர்பேஸ் கோர்’ என்று கேட்டால் அனலிட்டிக்ஸும் சேர்ந்து வந்தது, அது இல்லாமல் வேண்டுமானால் ‘கோர் ஒன்லி’ என்று கேட்க வேண்டியிருந்தது. அந்த நாளில் எழுதிய செயலிகளும், அவற்றை நகலெடுத்துச் செய்த வார்ப்புருக்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

2018 மார்ச்சில் நாடே ஒரு வாரம் இதைப் பற்றிப் பேசியது. எலியட் ஆல்டர்சன் என்ற புனைபெயரில் எழுதும் பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், பிரதமரின் பெயரிலிருக்கும் நரேந்திர மோடி செயலி, பயனர்களின் விவரங்களை அவர்களிடம் கேட்காமல் வேறொரு முகவரிக்கு அனுப்புகிறது என்று வெளியிட்டார். அந்த முகவரி கிளெவர்டாப் நிறுவனத்துடையது. மும்பையில் விஸ்ராக்கெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பழைய பெயரின் சுருக்கம் அந்த முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற செயலிகளில் கூகுள் அனலிட்டிக்ஸ் இருப்பதைப் போல, ஆய்வுக்காக மட்டுமே தரவு பயன்படுகிறது என்று பா.ஜ.க. தரப்பு விளக்கம் கொடுத்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் அதே ஆய்வாளர் காங்கிரஸ் கட்சியின் செயலியையும் திறந்து பார்த்தார். காங்கிரஸ் தன் செயலியை பிளே ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. இரு கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டது பழங்கதை. என் அக்கறை அந்த விளக்கத்தின் மேல்தான். ‘எல்லாரும் செய்வதுதான்’ என்றார்களே, அது உண்மை. ஊர் முழுக்கச் செய்வதால்தான் ஒருவருக்கும் அது கேள்வியாகவே படவில்லை.

எடுப்பது என்று முடிவு செய்தால் எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பதற்கு ஸூம் செயலியைச் சொல்வேன். ஊரடங்கு தொடங்கிய நாட்கள். வகுப்பு, கல்யாணம், கருமாதி எல்லாம் ஸூமில் நடந்துகொண்டிருந்தன. 2020 மார்ச் 26 அன்று மதர்போர்டு இதழ் ஒரு செய்தி வெளியிட்டது: ஸூமின் ஐஃபோன் செயலியைத் திறந்தவுடன் ஃபோனின் மாடல், நேர மண்டலம், ஊர், எந்த நிறுவனத்தின் சிம், விளம்பர அடையாள எண் ஆகியவை ஃபேஸ்புக்குக்குப் போகின்றன. ஃபேஸ்புக்கில் கணக்கே இல்லாதவர் திறந்தாலும் போகும். காரணம், ‘ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக’ என்ற ஒரு பொத்தான். அந்தப் பொத்தானுக்காக ஃபேஸ்புக்கின் எஸ்.டி.கே.யைச் சேர்த்திருந்தார்கள், அது தன் வேலையோடு கணக்கெடுப்பையும் செய்துகொண்டிருந்தது. மறுநாளே ஸூம் அந்த எஸ்.டி.கே.யை நீக்கிப் புதிய பதிப்பை வெளியிட்டது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்கு அடுத்தது. உள்நுழையும் வசதி போய்விடவில்லை. ஃபேஸ்புக் வழியாக உள்ளே வர விரும்புகிறவரை பிரவுசருக்கு அனுப்பி, அங்கே சரிபார்த்துத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்த எஸ்.டி.கே. இல்லாமலே அந்த வேலை ஆகும் என்பது ஆரம்பத்திலிருந்தே உண்மை. யாரும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் வேலையாக முடிந்த இது, மற்றப் புகார்களோடு சேர்ந்து அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கானது. 2021-இல் ஸூம் 8.5 கோடி டாலருக்குச் சமரசத்துக்கு வந்தது.

தரவு போனால் போகட்டும், எனக்கென்ன நஷ்டம் என்று கேட்கிற வியாபாரிக்கு வேறொரு தேதி சொல்கிறேன். 2020 மே 6 அன்று ஐஃபோனில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட் முதலிய பல செயலிகள் திறந்த மாத்திரத்தில் மூடிக்கொண்டன. அந்த நிறுவனங்கள் அன்று எதையும் மாற்றவில்லை. ஃபேஸ்புக் தன் சர்வரில் ஏதோ மாற்றியது. அதிலிருந்து வந்த பதிலை எஸ்.டி.கே.யால் தாங்க முடியவில்லை; செயலியையும் சேர்த்துக் கீழே இழுத்துவிட்டது. ஃபேஸ்புக் வழியாக ஒருபோதும் உள்நுழையாதவரின் ஃபோனிலும் இதே நிலைமை. ஜூலை 10 அன்று மறுபடியும் அப்படியே நடந்தது. நம் செயலிக்குள் நாம் பார்க்காத ஒன்றுக்கு நம் கடையின் ஷட்டரை இறக்கும் அதிகாரம் இருக்கிறது என்று பொருள்.

இந்த ஊரில் பலருக்கு நெருக்கமான ஒன்று முஸ்லிம் புரோ. தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் காட்டும் செயலி, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் பதிவிறக்கம் ஆனது. திசை காட்ட இடம் தெரிந்தாக வேண்டும். யாரும் யோசிக்காமல் அனுமதி கொடுப்பார்கள். 2020 நவம்பரில், அந்த இடத்தரவு எக்ஸ்-மோட் என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குப் போனதும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்ததாரர்களும் இருந்ததும் வெளியே வந்தது. முஸ்லிம் புரோ உறவை முறித்துக்கொண்டது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும், எக்ஸ்-மோட் லைப்ரரியை எடுக்காத செயலிகளுக்குத் தங்கள் கடைகளில் இடமில்லை என்று அறிவித்தன. ஆப்பிள் கொடுத்த கெடு இரண்டு வாரம், கூகுள் கொடுத்தது ஏழு நாள். செயலி எழுதுகிற எவரும் அப்படி ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஃப்ளோ என்ற செயலியின் கதை இன்னும் கசப்பானது. பெண்கள் மாதவிடாய் நாட்களைக் குறித்துவைக்கும் செயலி அது. அதில் ‘கர்ப்ப வாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்ற பொருளில் ஒரு நிகழ்வுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரோடே அது வெளி நிறுவனங்களின் அனலிட்டிக்ஸுக்குப் போனது என்று அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. குற்றம் சாட்டியது. 2021 ஜனவரியில் சமரசம். நிரலாளர் தனக்குப் புரியட்டும் என்றுதான் நிகழ்வுக்குப் பெயர் வைத்திருப்பார். பெயரே செய்தியாகிவிட்டது.

நம் கரைக்கு வருவோம். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, காரைக்கால்மேடு போன்ற ஊர்களில் இன்று ஃபோன் இல்லாத படகு அரிது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி மீனவருக்கு அலை உயரம், காற்று, மீன் கிடைக்கக்கூடிய பகுதி எல்லாம் தருகிறது. சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கினால் எச்சரிக்கிறது. இடம் தெரியாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. அங்கே இடத்தரவு கேட்பது நியாயம். ஆனால் மீன்பாடு எங்கே கிடைத்தது என்பதைப் பக்கத்து வீட்டுப் படகுக்காரரிடம்கூடச் சொல்லாத தொழில் இது. எல்லைப் பக்கம் போனதாகப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் நான் காரைக்காலில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாளை இந்த அவையிலிருக்கும் மாணவர் ஒருவர் மீனவருக்கு என்று செயலி எழுதும்போது, எச்சரிக்கைக்காக வாங்கிய இடத்தரவு கூடவே வந்த ஒரு கணக்குப் பிள்ளைக்கும் போகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சரி, எடுப்பது எப்படி? இந்தப் பகுதி மாணவர்களுக்கு. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது. பில்ட் கருவியான கிரேடிலிடம் டிபென்டன்சி மரத்தைக் கேட்டால் எதை எது இழுத்துவந்தது என்று கிளை கிளையாகக் காட்டும். ‘டிபென்டன்சி இன்சைட்’ என்று ஒரு கட்டளை உண்டு. சந்தேகப்படும் லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், அது உள்ளே வந்த பாதையை மட்டும் சொல்லும். ஃப்ளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் இதற்கு இணையானவை இருக்கின்றன. பெயரைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். மேலே சொன்ன ‘கோர்’ நினைவிருக்கட்டும்.

நம் பில்ட் கோப்பிலேயே நேராக எழுதியிருந்தால் வேலை சுலபம். வரியை அழியுங்கள், அதைக் கூப்பிட்ட இடமெல்லாம் சிவப்புக் கோடு விழும், ஒவ்வொன்றாக எடுங்கள். நூறு இடத்தில் சிதறிக் கிடக்கிறது என்றால், முதலில் எல்லா அழைப்பையும் நம்முடைய ஒரே ஒரு இடைமுகத்தின் பின்னால் கொண்டுவந்து, அதற்கு ஒன்றுமே செய்யாத வெற்று வடிவம் ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தபின் அந்த இடைமுகத்தையும் எடுத்துவிடுங்கள். ‘பின்னால் உதவும்’ என்று விட்டுவைக்கத் தோன்றும். விட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அதில் மறுபடி ஒன்றைச் செருகுவார்.

வேறொரு லைப்ரரி இழுத்துவந்ததாக இருந்தால் நிதானம் வேண்டும். அந்தத் தாய் லைப்ரரிக்கு அனலிட்டிக்ஸ் இல்லாத சிறு பகுதி தனியாக இருக்கிறதா, புதிய பதிப்பில் பிரித்துவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ‘எக்ஸ்க்ளூட்’ போட்டு விலக்கலாம். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. விலக்கியபின் பில்ட் அழகாக முடியும், செயலியும் திறக்கும். பணம் கட்டும் திரைக்கு வாடிக்கையாளர் போகும்போதுதான், அங்கே தாய் லைப்ரரி அந்தப் பிள்ளையைத் தேடி, காணாமல் செயலி விழும். ஆகவே ‘எக்ஸ்க்ளூட்’ போட்டால் எல்லாத் திரையையும் நடந்து பார்க்க வேண்டும். டீபக் பதிப்பில் அல்ல, வெளியிடப்போகும் ரிலீஸ் பதிப்பில், நிஜ ஃபோனில்.

அறிவிப்புக்காக ஃபயர்பேஸை வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அனலிட்டிக்ஸ் வரியை எடுத்தாலும் மெசேஜிங் வேலை செய்யும். எடுக்கிற வேகத்தில் கூகுள் சர்வீசஸ் கோப்பையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள், அது மெசேஜிங்குக்குத் தேவை.

ஏன் எடுக்க வேண்டும், அணைத்துவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஃபயர்பேஸில் சேகரிப்பை நிரந்தரமாக நிறுத்தும் ஒரு குறிப்பை மேனிஃபெஸ்டில் எழுதலாம். புதிய பதிப்பு தயாராகும்வரை அவசரக் கட்டாக அது நல்லதுதான். நிரலுக்குள் எழுதும் ‘நிறுத்து’ என்ற வரியை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். இத்தகைய பல லைப்ரரிகள் ஆண்ட்ராய்டின் கன்டென்ட் புரொவைடர் என்ற ஏற்பாட்டின் வழியாக, நம்முடைய முதல் வரி ஓடுவதற்கு முன்பே எழுந்துவிடுகின்றன. பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு 2018-இல் 34 ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தது. அவற்றில் 61 விழுக்காடாவது, திறந்த கணமே, பயனர் எதற்கும் சம்மதம் சொல்லும் முன்பே ஃபேஸ்புக்குக்குத் தரவு அனுப்பின. அணைத்துவைத்த லைப்ரரி அதே எடையோடு, அதே அனுமதிகளோடு உள்ளேயே இருக்கும். ஒரு வரியை மாற்றினால் மீண்டும் எழுந்துகொள்ளும். எடுப்பதுதான் எடுப்பது.

எடுத்தாகிவிட்டது என்று நீங்கள் சொன்னால் நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பக் கூடாது. மெர்ஜ்டு மேனிஃபெஸ்டை மறுபடி திறந்து விளம்பர அடையாள எண்ணுக்கான அனுமதி போய்விட்டதா என்று பாருங்கள். ஏபிகே அனலைசரில் அந்த நிறுவனத்தின் பெயரில் தொகுப்பு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு எம்.ஐ.டி.எம். பிராக்ஸி போன்ற கருவியைக் கணினியில் ஓட்டி, சோதனைப் பதிப்பின் போக்குவரத்தை அதன் வழியாகத் திருப்பிவிட்டு, செயலியைத் திறந்து சும்மா வைத்திருங்கள். நம் சர்வரையும், நாம் தெரிந்தே வைத்திருக்கும் சேவைகளையும் தவிர வேறு முகவரி எதுவும் வரக் கூடாது. வந்தால் வேலை முடியவில்லை. கடைசியாக, அந்த லைப்ரரியின் பெயர் டிபென்டன்சி மரத்தில் மீண்டும் தலைகாட்டினால் பில்ட் நின்றுவிடும்படி ஒரு சோதனையை எழுதிவையுங்கள். யாரும் வேண்டுமென்று திரும்பச் சேர்க்க மாட்டார்கள். வேறு எதையோ புதுப்பிக்கும்போது அது தானே ஏறி வரும்.

பலரும் மறப்பது இதற்குப் பிறகுதான். பழைய பதிப்பு ஊரார் ஃபோன்களில் அப்படியே இருக்கிறது. அவர்கள் புதுப்பிக்கும்வரை கணக்கு போய்க்கொண்டே இருக்கும். அதுவரை சேர்ந்த தரவு அந்த நிறுவனத்தின் சர்வரில் கிடக்கிறது. கன்சோலுக்குள் போய் அதை அழிக்கச் சொல்ல வேண்டும். பிளே ஸ்டோரில் 2022 முதல் எல்லாரும் நிரப்பியாக வேண்டிய தரவுப் பாதுகாப்புப் படிவத்தையும் திருத்த வேண்டும். அந்தப் படிவத்தில் ‘எந்தத் தரவும் சேகரிக்கவில்லை’ என்று டிக் அடித்துவிட்டு உள்ளே அனலிட்டிக்ஸ் வைத்திருப்பவர்கள், லைப்ரரி சேகரிப்பதும் நாம் சேகரிப்பதாகத்தான் கணக்கு என்பதைத் தெரிந்துகொள்ளட்டும்.

‘அப்போ தம்பி, எத்தனை பேர் டவுன்லோடு பண்ணியிருக்காங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கடைக்கார அண்ணன் கேட்பார். நியாயமான கேள்வி, அநேகமாக அவருடைய ஒரே கேள்வியும் அதுதான். பதில் பிளே கன்சோலிலேயே இருக்கிறது. எத்தனை பேர் நிறுவினார்கள், எத்தனை பேர் நீக்கினார்கள், எந்த ஃபோன்களில் செயலி விழுகிறது, எங்கே உறைந்து நிற்கிறது என்பதையெல்லாம், நாம் ஒரு லைப்ரரியும் சேர்க்காமல் ‘ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ்’ உள்ளிட்ட பகுதிகளில் கூகுளே தருகிறது. ஐஃபோனுக்கு ஆப் ஸ்டோர் கனெக்ட். எத்தனை ஆர்டர் வந்தது என்பது நம் சொந்தத் தரவுத்தளத்தில் இருக்கிறது. இதற்கு மேலும் திரை திரையாகக் கணக்கு வேண்டும் என்றால் மடோமோ போன்ற ஒன்றை நம் சர்வரிலேயே நிறுவி, பயனரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் சொல்லுங்கள்: அந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுப்பீர்கள்? பதில் இல்லையென்றால் அந்த எண்ணும் வேண்டாம்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தரவைக் கேட்டு வாங்கியவர்தான் பொறுப்பு என்கிறது சட்டம். அவருக்காக வேறொருவர் அதைக் கையாண்டாலும் பொறுப்பு அவருடையதே. ‘லைப்ரரி செய்தது, எனக்குத் தெரியாது’ என்பது பதிலாகாது. 18 வயதுக்கு உட்பட்டவர் எல்லாரும் இந்தச் சட்டத்தில் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. மீறினால் தண்டம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். கல்வி, பாதுகாப்பு சார்ந்து பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. வீட்டுப்பாடம் காட்டும் செயலியிலிருந்து விளம்பர அடையாள எண்ணைச் சேகரிப்பது அந்த விலக்குக்குள் எப்படி அடங்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

காரைக்காலுக்கு இன்னொரு சட்டமும் உண்டு என்றால் சிரிக்காதீர்கள். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிவிட்டது. ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் நம் தெருவில் இருக்கின்றன, அவர்கள் பிள்ளைகள் பாரிஸ் பக்கத்தில். கல்யாண மண்டபம் பதிய, கோயில் கட்டளைக்குப் பணம் கட்ட என்று அங்கிருப்பவர்களுக்கும் சேர்த்து ஒரு செயலி செய்தால், ஐரோப்பியத் தரவுச் சட்டம் நம் வாசலுக்கு வந்துவிடும். பிரான்சின் தரவு ஆணையம் சி.என்.ஐ.எல்., 2022 பிப்ரவரியில் ஒரு வலைத்தளம் கூகுள் அனலிட்டிக்ஸ் பயன்படுத்தியது சட்டத்துக்குப் புறம்பு என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்காவுக்குத் தரவு போவதுதான் அங்கே பிரச்சினை. 2023 ஜூலையில் புதிய ஒப்பந்த ஏற்பாடு வந்து அந்தச் சிக்கல் தளர்ந்தது. 2024 செப்டம்பரில் அதே ஆணையம் மொபைல் செயலிகளுக்கென்றே பரிந்துரை வெளியிட்டு, செயலியை வெளியிடுபவர், எழுதுபவர், எஸ்.டி.கே. தருபவர், இயங்குதளக்காரர், ஆப் ஸ்டோர் என்று ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நம் சட்டத்துக்கும் இப்படி ஒரு விளக்கம் வந்தால் நல்லது.

நிரல் தெரியாதவர்களும் ஒன்று செய்யலாம். எக்சோடஸ் பிரைவசி என்று 2017-இல் தொடங்கிய பிரெஞ்சுத் தொண்டு அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் தளத்தில் ஆண்ட்ராய்டு செயலியின் பெயரைக் கொடுத்தால், உள்ளே எந்தெந்தக் கண்காணிப்பு லைப்ரரிகளின் அடையாளம் தெரிகிறது, என்னென்ன அனுமதிகள் கேட்கிறது என்று பட்டியல் தரும். நிரலைப் படித்துச் சொல்லும் கணிப்புதான் அது. பட்டியலில் இருப்பதாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை, இல்லாததாலேயே சுத்தம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் பள்ளி நிர்வாகத்திடம் போய், ‘ஐயா, இது எதற்கு?’ என்று கேட்க அது போதும்.

திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலிருந்தும் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு புராஜெக்டுக்குச் செயலி செய்கிறவர்கள், ஒப்படைக்கும் முன் மெர்ஜ்டு மேனிஃபெஸ்டை அச்செடுத்து அறிக்கையோடு இணையுங்கள். ஒவ்வோர் அனுமதிக்கும் எதிரே அது எதற்கு என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். எழுத முடியாத வரியைக் கொண்டுவந்த லைப்ரரியை எடுத்துவிட்டு ஒப்படையுங்கள். ஆசிரியர்கள் அதற்கு மதிப்பெண் போட வேண்டும். காசு கொடுத்துச் செயலி எழுதி வாங்கும் கடைக்காரர்களும் பள்ளிக்காரர்களும், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அதே தாளைக் கேளுங்கள்.